மூன்று நாள் விடுமுறை: ஹைதராபாதா, கொல்கத்தாவா?

சென்னையிலிருந்து மூன்று நாளில் போய்வர ஒரு பெரிய ஊர் வேண்டும். பார்க்க நிறைய இருக்க வேண்டும், சாப்பாடும் அந்த ஊருக்கே உரியதாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் இரண்டு பெயர்களைத்தான் சொல்வேன்: ஹைதராபாத், கொல்கத்தா. மும்பை நல்ல ஊர்தான், ஆனால் தங்கும் செலவு அதிகம், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்குள் பாதி நாள் போய்விடும். டெல்லிக்கு மூன்று நாள் போதவே போதாது. பெங்களூரு ஒரு சனி ஞாயிறிலேயே முடிந்துவிடும்.

சரி, இந்த இரண்டில் எது? அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தக் கிழமைகளில் போகிறீர்கள், ரயிலா விமானமா, கூட வருகிறவர்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

பெரும்பாலும் ஊரை முடிவு செய்துவிட்டுத்தான் தேதி பார்க்கிறோம். இந்த இரண்டு ஊர்களைப் பொறுத்தவரை தேதியைப் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்வது நல்லது. ஹைதராபாதில் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் சௌமஹல்லா அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. சார்மினாரை ஒட்டியே மெக்கா மசூதி இருப்பதால் வெள்ளி மதியம் அந்த வட்டாரமே தொழுகைக் கூட்டத்தில் நிறைந்திருக்கும். கொல்கத்தாவில் இதற்கு நேர்மாறு. விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடம், இந்திய அருங்காட்சியகம், தாகூர் பிறந்த ஜோராசங்கோ வீடு எல்லாம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஆக, விடுமுறை வெள்ளி, சனி, ஞாயிறு என்று அமைந்தால் கொல்கத்தா. சனி, ஞாயிறு, திங்கள் என்றால் ஹைதராபாத். வேறு எதுவும் யோசிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்துவிடலாம். ஏனென்றால் மூன்று நாளில் ஒரு நாள் கதவு மூடிய இடங்களின் முன்னால் நிற்பது பெரிய இழப்பு.

மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டுமே இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் வெயில் சுட்டெரிக்கும், கொல்கத்தாவில் வியர்வை வழியும். அந்த மாதங்களில் இரண்டையுமே தள்ளிப்போடுங்கள்.

போகிற வழி

ஹைதராபாதுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ரயில் என்றால் ஒரு ராத்திரி. சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலை இறங்கிவிடலாம். பயணத்துக்காகப் பகல் எதையும் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் ஹைதராபாதின் பெரிய பலம். நான்கு பேர் கொண்ட குடும்பம் ரயிலில் போய்வந்தால் மிச்சமாகும் பணத்தில் நல்ல விடுதியில் தங்கலாம்.

கொல்கத்தா 1,600 கிலோமீட்டருக்கும் மேல். கோரமண்டல் எக்ஸ்பிரஸிலேயே ஒரு முழு நாளைத் தாண்டும். கோதாவரிப் பாலமும் சில்கா ஏரிக்கரையும் வருகிற அந்த ரயில் பாதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அது ஒரு வாரம் விடுப்பு இருப்பவர்களுக்கு. மூன்று நாளுக்குக் கொல்கத்தா என்றால் விமானம்தான், இரண்டேகால் மணி நேரம் ஆகும். இறங்கிய பிறகு ஒரு வசதி உண்டு. 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ விமான நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. நோவாபாராவில் மாறினால் பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு என்று நகரத்தின் நடுவிலேயே போய் இறங்கலாம். ஹைதராபாதின் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு இன்னும் மெட்ரோ இல்லை. பேருந்து உண்டு, டாக்சி உண்டு, ஆனால் ஊர் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

ஹைதராபாத்: இடங்கள் பெரியவை, இடைவெளியும் பெரியது

ஹைதராபாதில் பார்க்க வேண்டியவற்றை இரண்டு மூட்டையாகக் கட்டிவிடலாம். ஒன்று சார்மினாரைச் சுற்றிய பழைய நகரம், இன்னொன்று மேற்கே கோல்கொண்டா கோட்டை. இரண்டுக்கும் ஒவ்வொரு முழு நாள் தேவை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கும் கடைத்தெருவுக்கும். குழந்தைகள் இருந்தால் ராமோஜி ஃபிலிம் சிட்டி. ஆனால் அது ஊருக்கு வெளியே தொலைவில் இருக்கிறது, காலையிலிருந்து இரவு வரை அதற்கே போய்விடும். பெரியவர்கள் மட்டும் போவதானால் அதை விட்டுவிடுவேன்.

1591இல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய சார்மினாரைக் காலை எட்டு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கடைகள் திறப்பதற்கு முன்புதான் அதன் முழு உருவமும் கண்ணில் படும். பக்கத்திலேயே நிம்ரா கஃபே. ஈரானி சாயும் ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வெளியில் நின்றபடியே குடிப்பார்கள். டிகாக்‌ஷன் தனியாகவும் பால் தனியாகவும் வெகுநேரம் காய்வதால் அந்த டீ நம் ஊர் டீயைவிடக் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். உஸ்மானியா பிஸ்கட்டில் லேசாக உப்பு தெரியும். இரண்டும் சேரும்போதுதான் ருசி, பிஸ்கட்டை மட்டும் பெட்டியில் வாங்கிவந்து வீட்டில் தின்றால் பாதிதான் புரியும்.

சார்மினாரிலிருந்து மேற்கே போகிற லாட் பஜாரில் வளையல் வாங்காவிட்டாலும் வளையல் செய்வதைப் பார்க்கலாம். அரக்கைத் தணலில் இளக்கி, கம்பியாக உருட்டி, வளைத்து, சூடு ஆறுவதற்குள் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் மறுபடி தணலில் காட்டி நகர்த்துகிறார்கள். இதை ஒரு முறை பார்த்துவிட்டால் பேரம் பேச மனம் வராது.

சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பார்க்க ஏராளமாக இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்த, முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையின் முன்னால் நிதானமாக நில்லுங்கள். மெல்லிய துணிக்குப் பின்னால் முகம் தெரிகிற மாதிரி பளிங்கைச் செதுக்கியிருக்கிறார். அப்புறம் இசைக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் உள்ளிருந்து ஒரு சின்ன பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போகும். பகல் பன்னிரண்டுக்குத்தான் கூட்டம் அதிகம், பன்னிரண்டு முறை அடிக்கும் அல்லவா. கொஞ்சம் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள்.

கோல்கொண்டாவில் ஏற முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நுழைவாயிலில் குவிமாடத்துக்குக் கீழே நின்று கைதட்டினால் உச்சியில் இருக்கிற பாலா ஹிஸார் மண்டபத்தில் கேட்கும் என்பதை எல்லோரும் செய்து பார்ப்பார்கள், நீங்களும் செய்து பாருங்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பத்ராசல ராமதாஸர் சிறையிருந்த அறை. கடைசி குதுப் ஷாஹி அரசர் தானா ஷா காலத்தில் வரிப்பணத்தை எடுத்து ராமர் கோயில் கட்டியதற்காக அவர் அங்கே அடைக்கப்பட்டார். நம் பஜனை மரபிலும் கச்சேரிகளிலும் அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த இருட்டறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1687இல் ஔரங்கசீப் இந்தக் கோட்டையைப் பிடித்தார், குதுப் ஷாஹி ஆட்சி அதோடு முடிந்தது. அந்த அரசர்களின் கல்லறைகள் சற்றுத் தள்ளித்தான் இருக்கின்றன. பல ஆண்டுகள் நடந்த சீரமைப்பு 2024இல் நிறைவடைந்த பிறகு அந்த வளாகம் பார்க்க மிக அழகாக இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு கல்லறைத் தோட்டம், அதற்கும் முன்னால் காலையிலேயே கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்று சொன்னால் போக்குவரத்துதான். ஹைதராபாத் மெட்ரோ நன்றாக ஓடுகிறது, ஆனால் சார்மினாருக்கும் போகாது, கோல்கொண்டாவுக்கும் போகாது. பழைய நகரத்துக்கு மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தோடு நின்றுவிடும், மிச்சத்துக்கு ஆட்டோ. அதனால் தங்குவதை நாம்பள்ளி, அபிட்ஸ், லக்டிகாபூல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைடெக் சிட்டியில் அறைகள் புதிதாக, பளிச்சென்று இருக்கும், ஆனால் நீங்கள் பார்க்க வந்தது எதுவும் அங்கே இல்லை.

கொல்கத்தா: நடந்துகொண்டே சாப்பிடும் ஊர்

என் விருப்பத்தைக் கேட்டால் நான் கொல்கத்தா பக்கம்தான். காரணம் இதுதான்: ஹைதராபாதில் சாப்பாடு ஒரு வேலை, ஊர் பார்ப்பது இன்னொரு வேலை. பிரியாணி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. கொல்கத்தாவில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கச்சோரி, தெருமுனையில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, புத்தகக் கடைகளுக்கு நடுவில் சர்பத். எதுவும் வயிற்றை அடைக்கிற அளவு இல்லை, அதனால் மூன்று நாளில் ருசி பார்க்கக்கூடிய பண்டங்களின் எண்ணிக்கை அங்கே கூடுதல்.

இடங்களும் மெட்ரோ நூலில் கோத்த மாதிரி அமைந்திருக்கின்றன. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் ஓடத் தொடங்கியது இங்கேதான். தெற்கே காளிகாட், நடுவில் மைதானம், பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு, வடக்கே கிரீஷ் பார்க், ஷ்யாம்பஜார், கடைசியில் தக்ஷிணேஸ்வரம், எல்லாம் ஒரே தடத்தில். எஸ்பிளனேடில் மாறினால் ஹூக்ளி நதிக்கு அடியில் போகிற தடத்தில் ஹௌரா. தினமும் காலையில் வண்டிக்காரரிடம் வாடகை பேசுகிற வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். அன்று மாலை விக்டோரியா நினைவகமும் அதன் தோட்டமும், இரவு நியூ மார்க்கெட் பக்கம் நிஜாம்ஸ் உணவகத்தில் பரோட்டாவில் கறி வைத்துச் சுருட்டிய காட்டி ரோல். சனிக்கிழமை முழுவதும் வட கொல்கத்தாவுக்குக் கொடுங்கள். விடியற்காலையில் ஹௌரா பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. கோயம்பேடு பூ மார்க்கெட்டைப் பார்த்தவர்களும் அங்கே ஆச்சரியப்படுவார்கள். செண்டுப்பூச் சரங்களைத் தடித்த கயிறு மாதிரி சுருட்டித் தலைச்சுமையாகக் கொண்டு போவார்கள். 1943இல் திறந்த அந்தப் பாலத்தில் போல்ட்டும் நட்டும் கிடையாது, முழுக்க ரிவெட் அடித்து நிறுத்தியது. அதன் மேல் ஒரு தடவை நடந்து போய் வாருங்கள்.

பிறகு குமார்துலி, களிமண் சிலை செய்கிற தெரு. ஜோராசங்கோவில் தாகூர் வீடு. அங்கிருந்து ஹேதுவா பக்கம் ராம்துலால் சர்க்கார் தெருவில் 1844 முதல் இருக்கிற கிரீஷ் சந்திர தே, நகுர் சந்திர நந்தி இனிப்புக் கடை. உள்ளே போய் உட்கார மேசை நாற்காலி எதிர்பார்க்காதீர்கள். நடைபாதையில் நின்று கம்பித் தடுப்புக்கு உள்ளே கைகாட்டி வாங்க வேண்டும். குளிர்காலம் என்றால் நோலேன் குர் சந்தேஷ் கேளுங்கள். ஈச்சம்பனை வெல்லம் புதிதாக இறங்குகிற டிசம்பர், ஜனவரியில் கிடைக்கிற அதே பண்டம் மற்ற மாதங்களில் அந்த மணத்தோடு கிடைக்காது. ஜலபரா என்று ஒரு வகை உண்டு, கடித்தவுடன் நடுவிலிருந்து வெல்லப்பாகு கொட்டும். ஒரே வாயில் போட்டுக்கொள்வது சட்டைக்கு நல்லது. ரசகுல்லாவை டப்பாவிலேயே பார்த்திருக்கிற நமக்கு, அன்று பாலைத் திரித்து எடுத்த சேனாவில் அன்றே செய்த சந்தேஷ் வேறு உலகம்.

காலேஜ் ஸ்ட்ரீட்டைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள், ஞாயிறன்று புத்தகக் கடைகள் பெரும்பாலும் திறக்காது. காபி ஹவுஸில் காபி சுமார்தான். அந்த உயர்ந்த கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் நடக்கிற பேச்சைக் கேட்கத்தான் போகிறோம். பாரமவுண்டில் இளநீரும் வழுக்கையும் சேர்த்துத் தருகிற டாப் சர்பத் அருமை. இந்தக் கடை நூறாண்டைத் தாண்டியது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு டிரெட்டா பஜார். பல தலைமுறைக்கு முன் கொல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்கள் வீட்டில் செய்த பாவ், மோமோ, மீன் உருண்டை சூப் எல்லாவற்றையும் தெருவில் வைத்து விற்பார்கள். எட்டு, எட்டரைக்குள் தீர்ந்துவிடும். கொல்கத்தாவுக்கு ஒரு ஞாயிறு காலை கையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஞாயிறன்று மெட்ரோ காலையில் தாமதமாகத்தான் தொடங்கும், அங்கே போக டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு விமானம் என்றால் அன்று பிற்பகல் தக்ஷிணேஸ்வரம். கோயில் மதியம் நடைசாத்தி மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும், பேலூர் மடமும் நான்கு மணி வாக்கில்தான். இரண்டுக்கும் இடையே படகு ஓடுகிறது. நதியின் நடுவிலிருந்து கோயிலின் ஒன்பது சிகரங்களும் ஒருசேரத் தெரியும்.

பிரியாணிச் சண்டை

இரண்டு ஊரையும் ஒப்பிடும்போது பிரியாணியில்தான் வாக்குவாதம் வரும். ஹைதராபாதி கச்சி பிரியாணியில் ஊறவைத்த பச்சைக் கறியும் அரைவேக்காட்டு அரிசியும் ஒரே பாத்திரத்தில் மாவு பூசி மூடப்பட்டுத் தம்மில் வேகும். காரம் நன்றாகவே ஏறும், கூட மிர்ச்சி கா சாலன் என்கிற மிளகாய்க் குழம்பு. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஷாதாப், பாவர்ச்சி, கஃபே பஹார், ஷா கௌஸ் என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. என் வோட்டு ஷாதாபுக்கு, சாலார் ஜங் பார்த்துவிட்டு எளிதாகப் போய்விடலாம் என்பதும் ஒரு காரணம். பழைய கடைகளில் ஒரு பிளேட்டை இருவர் பகிர்ந்தாலும் மிஞ்சும்.

கொல்கத்தா பிரியாணி 1856இல் அவத் நவாப் வாஜித் அலி ஷா பதவி இழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருஜில் வந்து தங்கியதோடு வந்த வழி. காரம் குறைவு, தாழம்பூ நீர் மணம் தூக்கலாக இருக்கும், கறியோடு ஒரு பெரிய உருளைக்கிழங்கு. முதல் கவளத்தில் சப்பென்று தோன்றலாம். அந்தக் கிழங்கை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், கறியின் சாறு முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கும். இருந்தாலும் நேர்மையாகச் சொன்னால், பிரியாணிக்காக மட்டும் போவதானால் ஹைதராபாத். கோதுமையும் கறியும் குழைய வெந்த ஹலீமுக்கும் அதேதான். ரம்ஜான் மாதத்தில் இரவு முழுவதும் சார்மினார் விழித்திருக்கும், ஆனால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மீனுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கொல்கத்தாவே. சிக்ஸ் பாலிகஞ்ச் பிளேஸ் மாதிரி ஓர் உணவகத்தில் ஒரு மதியச் சாப்பாடு கண்டிப்பாக வேண்டும். நம் விருந்தில் இனிப்பை முதலில் இலையில் வைப்போம். அங்கே பாகற்காய் சேர்த்த சுக்தோவில் கசப்பாகத் தொடங்கி, பருப்பு, வறுவல், மீன், கறி என்று போய், சட்னியும் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிருமாக இனிப்பில் முடிப்பார்கள். கடுகெண்ணெய் நெடி முதல் நாள் ஒத்துவராமல் இருக்கலாம், இரண்டாம் நாள் பழகிவிடும்.

சைவம், வயதானவர்கள், குழந்தைகள்

சைவர்களுக்கு ஹைதராபாத் கவலையில்லாத ஊர். சார்மினார் பக்கம் கோவிந்த் தோசைக் கடையின் வெண்ணெய் தோசை, எங்கும் கிடைக்கிற ஆந்திர மீல்ஸ், கோங்கூரா, பருப்புப்பொடி, நெய், கடைசியில் ஏப்ரிகாட் பழத்தில் செய்த குபானி கா மீட்டா. கொல்கத்தாவிலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. லூச்சி என்கிற மைதா பூரியும் கடலைப்பருப்புக் குழம்பும், கச்சோரியும் ஆலு தமும், வாழைப்பூ கறி, கசகசா அரைத்துவிட்ட போஸ்தோ என்று நல்ல பண்டங்கள் நிறைய. ஆனால் பருப்பிலேயே மீன் தலை போடுகிற வழக்கம் உண்டு. “நிராமிஷ்” (சைவம்) என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். சந்தேஷ், ரசகுல்லாவில் முட்டை கிடையாது என்பதால் இனிப்பில் குறையில்லை.

தயிர்ச் சோறு இல்லாமல் இரண்டு நாள் தாங்காத பெரியவர்கள் கூட வந்தால் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் அறை எடுங்கள். பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிற வட்டாரம். இட்லி, தோசை, ஃபில்டர் காபி, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும், காளிகாட் மெட்ரோவும் அருகில்தான். முழங்கால் வலி இருந்தால் கோல்கொண்டாப் படிகள் சிரமம். ஆனால் ஹைதராபாதில் ஒரு காரை நாள் வாடகைக்கு வைத்துக்கொண்டு வாசல் வரை போய் இறங்கிக்கொள்ளலாம், கோட்டையில் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். கொல்கத்தாவின் சிறப்பே சந்துகளில் நடப்பதில் இருக்கிறது, அதைக் காரிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே நடக்க முடியாத பெற்றோரோடும் சின்னக் குழந்தைகளோடும் போகிறவர்களை நான் ஹைதராபாதுக்குத்தான் அனுப்புவேன். நண்பர்கள், புதுமணத் தம்பதி, கல்லூரி படிக்கிற பிள்ளைகளோடு போகிறவர்கள் என்றால் கொல்கத்தா.

விடுப்பு இரண்டே நாள்தான் கிடைத்தது என்றாலும் ஹைதராபாத். கோல்கொண்டாவை ஒரு நாள், சார்மினாரை ஒரு நாள் என்று முழுதாக முடித்துவிட்டு ராத்திரி ரயிலேறலாம். கொல்கத்தாவை இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தால் வட கொல்கத்தாவில் கை வைக்க வேண்டியிருக்கும், அதை வெட்டிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை.

ஹைதராபாத் என்று முடிவானால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள், விடுமுறை ஒட்டிய வெள்ளி இரவு வண்டிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொல்கத்தா என்றால் டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிருங்கள். கிறிஸ்துமஸ் விளக்குகளுக்காக பார்க் ஸ்ட்ரீட்டில் ஊரே கூடும், அறை வாடகையும் ஏறிவிடும். ஜனவரி நடுவில் ஒரு வெள்ளி காலை விமானமும் ஞாயிறு இரவு திரும்பும் விமானமும் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், அப்போது வெல்லமும் புதிது, வெயிலும் இராது.